சிமினி ஆசீர்வாதம் மலையேறத் திட்டம் போட்டது

"வயசு கேக்குறாரு" என்றாள் ஜஸீமா, ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"நாப்பத்தாறு" என்றார் ஆசீர்வாதம்.

அவள் அதை உருதில் சொன்னாள். மறுமுனையில், மணாலியில் இருந்த பல்தேவ் என்ற மலை வழிகாட்டிக்கு அது இந்தி மொழியாகவே கேட்டது. அடுத்த கேள்வி வந்தது.

"என்ன வேலைன்னு கேக்குறாரு."

"சிமினி ஏர்ற வேலைன்னு சொல்லு."

"சிமினின்னா விளக்குக் கண்ணாடியான்னு கேக்குறாரு."

"தோ பார்றா! எண்ணூர்ல பொக வுட்டுக்கினு நிக்குதே, அந்தச் சிமினி. குதுப் மினாரு மேல குதுப் மினார வெச்சி, அதும் மேல இன்னொண்ண வெச்சா வர்ற ஒசரம்னு சொல்லு. அதுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் நானு. உச்சியில லைட்டு மாத்துறவன் நானு."

'உயரமான இடத்தில் வேலை செய்கிறவர்' என்று மட்டும் அவள் சொன்னாள்.

"எத்தனை வருசமா?"

"அவன் டவுசர் போட்டுக்கினு திரிஞ்ச காலத்துலேர்ந்து."

'ரொம்ப வருடங்களாக' என்று மாற்றிச் சொன்னாள்.

"பீடி, சிகரெட்டு?"

"வுட்டாச்சி."

காதிடுக்கில் ஒரு பீடி இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவர் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வுட்டாச்சின்னு சொல்லும்மா. மீட்டரு ஓடிக்கினு கீது."

பல்தேவ் சற்று நிறுத்தி, நிதானமாக அடுத்ததைக் கேட்டார். ஜஸீமாவும் அதே நிதானத்தோடு சொன்னாள்.

"உயரத்துல இருக்கும்போது எப்பவாவது தலை சுத்தியிருக்கா? கண்ணு இருட்டிக்கிட்டு வர்றது, மயக்கம்?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லன்றேன்ல. சொல்லு."

ஜஸீமா பூத்தின் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். போன மாதம் இதே கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, கண்களை இறுக மூடி நின்றவர் இவர்தான். அப்படியே சரிந்து படியில் குந்தியவருக்கு அவள்தான் தண்ணீர் கொடுத்தாள். "பஸ்ஸுல நின்னுகினே வந்தேன், அதான். யாராண்டயும் சொல்லாத" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தார்.

அவரும் இப்போது கதவைத்தான் பார்த்தார்.

"சொல்லும்மா."

"இல்லை" என்று அவள் உருதில் சொன்னாள்.

எத்தனையோ வருடங்கள் கழித்தும் அந்தப் பேச்சு ஜஸீமாவுக்கு வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. பொய் அவருடையது, அதைச் சொன்ன வாய் தன்னுடையது. 

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். தண்டையார்பேட்டையில், கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக மணிக்கணக்கில் நிற்கும் நெடுஞ்சாலையோரம் ஜஸீமாவின் சித்தப்பா அத்தாவுல்லா ஒரு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் அவள் எட்டாவது வரை படித்தது உருதுப் பள்ளியில். அதற்குமேல் தமிழ்ப் பள்ளி. அதிகம் பேசாத பெண். ஆனால் பீகாரிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த லாரி டிரைவர்கள் ஊருக்குப் பேச நம்பர் போட்டுத்தரச் சொல்லி அவளிடம் வருவார்கள். அந்தச் செய்தி எண்ணூர் வரைக்கும் போயிருந்தது. அப்படித்தான் ஆசீர்வாதம் வந்து சேர்ந்தார்.

எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரர். அப்பா முகத்துவாரத்தில் வலை போட்டவர். ஆற்றில் அனல் மின்நிலையத்தின் சுடுதண்ணீரும் சாம்பலும் கலந்து மீன் போனபின், மகன் அந்தச் சாம்பலைக் கக்கும் சிமினிகளிலேயே ஏறப் போனார். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஏறுகிற ஆட்களின் குழுவுக்குத் தலைவர். அவர் கோபப்படாத பொருள் உலகத்தில் ஏதும் உண்டா என்று ஜஸீமா யோசித்துப் பார்த்திருக்கிறாள். நிற்காமல் போகும் பஸ், மிச்சம் தராத கண்டக்டர், காயப்போட்ட துணியில் படியும் சாம்பல், ஆறிய டீ, சூடான டீ. கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார். தாடையை மட்டும் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவனிடம் அமைதியாகச் சொல்வார்: "இவனல்லாம் மேல இட்டுகினு போயி, அங்கயே வுட்டுட்டு வர்ணும்."

இமயமலையும் அப்படி ஒரு கோபத்திலிருந்து வந்ததுதான்.

ஒப்பந்தக்காரரின் மகன், நண்பர்களோடு வழிகாட்டி வைத்துக்கொண்டு மணாலிக்கு மேலே ஒரு பனிச் சிகரத்தில் ஏறிவிட்டு வந்திருந்தான். மலையேற்றம் பழகாதவர்களும் நல்ல வழிகாட்டியோடு போனால் ஏறக்கூடிய சிகரம் அது. அதற்கு ஒரு பாராட்டு விழா. 'இமயத்தை வென்ற இளஞ்சிங்கமே, வருக' என்று எழுதிய பெரிய துணிப் பேனரை ஆலைச் சுவரின் உச்சியில் கட்டவேண்டும். யார் கட்டுவது? ஏறத் தெரிந்தவர்கள்தானே! ஆசீர்வாதமும் அவர் குழுவிலிருந்த அம்புரோஸும் இன்னும் இரண்டு பேரும் பெல்ட் மாட்டிக்கொண்டு ஏறிக் கட்டினார்கள். கீழே அந்தப் பையனுக்கு மாலை போட்டார்கள். பையன் நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, ரைட் சைடு கொஞ்சம் இறங்கியிருக்கு" என்றான்.

"அந்தச் சைடத்தான் நானு இன்னும் தூக்கிக் கட்டிக்கினு கீறேன்" என்று அம்புரோஸ் பிற்பாடு சொல்லிச் சிரிப்பான். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. "தெனம் ஏர்றோம். நமக்கு எவன்டா மாலை போட்டான்? அதே மலையில ஏர்றோம். அவன் கூட்டிக்கினு போன அதே கைடு" என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

அன்றுமுதல் அந்த பூத்தே அவர்களுக்கு ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாலு பேரும் வாசலில் நிற்பார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் கிருஷ்ணப்பனுக்கு அது ஒரு வேடிக்கை. "பக்கத்துல இருக்குற மணலிக்குப் போறதுக்கு கைடா? பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரே எறக்கிவுடுவானே, மாமு!" என்பார். "அது மணாலி, நைனா. உன் டீயாட்டம் இல்ல, அங்க தண்ணி சுத்தமா கீதாம்" என்று அம்புரோஸ் திருப்பிக் கொடுப்பான்.

பல்தேவ் சொன்னதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழாக இருந்தது. துறைமுகத்துக்காரர்கள் போடும் இரும்பு மூக்கு வைத்த பூட்ஸை வாங்கி வைத்திருந்தார்கள். அது ஆகாது, பனியில் இரும்பு குளிர்ந்து கால்விரலைக் கருக்கிவிடும் என்றார். பர்மா பஜாரில் கப்பல்காரர்களின் பழைய ஜாக்கெட்டுகளைத் தேடி எடுத்திருந்தார்கள். அது சரி என்றார். பிறகு, ஒருநாள் உயர ஏறவேண்டும், தூங்குவதற்குக் கீழே இறங்கிவிடவேண்டும், மறுநாள்தான் மேலே போய்த் தங்கவேண்டும் என்றார்.

"ஏறிட்டு எறங்கறதுக்கு எதுக்கு ஏர்றது?" என்றார் ஆசீர்வாதம். "நாங்க ஒருக்கா ஏறுனா வேலய முடிச்சிட்டுத்தான் எறங்குவோம்னு சொல்லு."

"உடம்பு பழகணுமாம், அண்ணே. வேகமா ஏர்றவங்கதான் முதல்ல விழறாங்களாம்."

"வேகமா ஏறாதவன் எங்க செட்டுலயே கெடையாது."

கடைசியில் பல்தேவ் ஒரு விதி சொன்னார். தினமும் சாயங்காலம் கூடாரம் கூடாரமாக வந்து, ஒவ்வொருவரிடமும் தலை எப்படி இருக்கிறது என்று கேட்பார். வலிக்கிறது, சுற்றுகிறது என்றால் அவர் மேலே போகக்கூடாது; தேவைப்பட்டால் கூடவே ஆளை அனுப்பிக் கீழே இறக்குவார். இதில் வெட்கம் எதுவும் இல்லை. மறைத்தால்தான் ஆபத்து. மூளையில் நீர் கோத்துக்கொண்டால் ஆள் பிழைப்பது கடினம்.

ஜஸீமா இதைச் சொல்லி முடித்ததும் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்புரோஸ்தான் வாயைத் திறந்தான். "கேட்டா சொல்லிடுவோமா நாம? நல்லா சொன்னான்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்பது ஜஸீமாவுக்கு அன்று விளங்கவில்லை. அடுத்த வாரம் தாமஸ் வந்து சொன்னபோதுதான் விளங்கியது.

தாமஸ் அந்தக் குழுவில் முன்பு ஏறியவர். இப்போது சிமினியின் அடியில் நின்று கப்பிக் கயிறு இழுக்கிறார். மேலே இருப்பவர்களுக்கு டீ கட்டி அனுப்புகிறார். ஒரு வேலை நாளின் மதியத்தில் தனியாக வந்து, பூத்துக்குள் வராமலே கதவருகில் நின்றார்.

"ஏம்மா, மலைக்காரனாண்ட எனுக்காக ஒரே ஒரு வார்த்த கேக்கணும்."

"என்ன கேக்கணும், அண்ணே?"

"தலை சுத்துதுன்னு ஒருக்கா வாய வுட்டுச் சொன்னவன், அங்க வர்லாமா கூடாதா?"

பிறகு அவரே சொன்னார். அந்தக் குழுவில் காலையில் ஏறுவதற்கு முன் ஆசீர்வாதம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து "ரெடியா?" என்று கேட்பார். "ரெடி" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஏணியில் நிற்கும்போது எவனாவது தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டால், அன்று சாயங்காலமே அவன் பெல்ட்டைக் கொட்டகைச் சுவரில் ஒரு ஆணியில் மாட்டிவிடுவார்கள். மாட்டியது மாட்டியதுதான். அவன் திரும்ப ஏறவே முடியாது. ஒருத்தன் பயம் இன்னொருத்தனைத் தொற்றும், ஒருத்தன் வழுக்கினால் இன்னொருத்தனையும் இழுப்பான் என்பது காரணம்.

"மழ வுட்ட நாளு. பாதி ஏணியில கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. 'ஆசீரு, தலை சுத்துது'ன்னேன். மேல இருந்தவன் தடதடன்னு எறங்கியாந்து, என்னத் தன் இடுப்போட கட்டி, ஒவ்வொரு படியா எறக்கினான். எங்கப்பன்கூட என்ன அப்படித் தூக்கினது இல்ல. சாயங்காலம் அதே கையாலதான் பெல்ட்ட ஆணியில மாட்டினான்."

ஜஸீமா நம்பரைப் போட்டாள். பல்தேவிடம் கேட்டாள். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள்.

"இன்னாம்மா? கூடாதுன்றானா?"

"அப்படிச் சொல்றவரைத்தான் நம்பி மேலே கூட்டிட்டுப் போக முடியும்னு சொல்றாரு. வாய மூடிக்கிட்டு இருக்கிறவரைத் தூக்கிட்டுத்தான் வரணுமாம்."

தாமஸ் நன்றி சொல்லவில்லை. அவர் முகம் கறுத்தது. இத்தனை வருடம் தன்னைக் கயிறு இழுக்க வைத்த ஒரு சொல்லுக்கு வேறு ஊரில் வேறு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால் மனிதனுக்குச் சந்தோஷம் வராது. ஆத்திரம்தான் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆத்திரத்தோடுதான் வந்தார். மற்ற மூன்று பேரும் டீக்கடையில் இருந்தார்கள். ஆசீர்வாதம் மட்டும் பூத் படியில் உட்கார்ந்து புது பூட்ஸின் கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தார்.

"நானும் வரேன்" என்றார் தாமஸ்.

"எங்க?"

"மலைக்கு. கைடு வர்லாம்னு சொல்லிட்டான்."

"கைடு சொல்லுவான். செட்டு என்னுது."

"செட்டு உன்னுதுதான். சிமினியும் உன்னுதா? மலையும் உன்னுதா? தலை சுத்துதுன்னு ஒரு வார்த்த சொன்னதுக்கு என்ன உசுரோட ஆணியில மாட்டினியே, சோமாறி!"

"உன்ன எறக்கினது எவன்டா?"

"நீதான். அத்த நான் மறந்தா என் வாய்ல மண்ணு. ஆனா எறக்கினவன் எதுக்குடா என்னைக் கீழயே பொதச்ச?"

ஆசீர்வாதம் பூட்ஸை எறிந்துவிட்டு எழுந்தார். தாமஸின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அடி விழப்போகிறது என்று ஜஸீமா கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்தாள். ஆனால் ஓங்கிய கை அப்படியே நின்றது. கண்கள் மேலே செருகின. பிடித்த சட்டையை விடாமலே அவர் ஒரு பக்கமாகச் சாய, தாமஸ் இரண்டு கைகளாலும் அவரை அணைத்துப் பிடித்துப் படியில் உட்கார வைத்தார். சாலையில் நின்றிருந்த லாரி மறைத்ததில் டீக்கடைப் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.



"எத்தினி நாளா?" என்றார் தாமஸ்.

ஆசீர்வாதம் பிடித்திருந்த சட்டையை விட்டார்.

"ஏணியிலயும் வர்தா?"

ஆசீர்வாதம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப இன்னா? அவனுங்களாண்ட சொல்லப்போறியா? போ. போயி சொல்லு. ஆணியில எடம் கீது."

"மாட்டேன்" என்றார் தாமஸ். கோபம் இன்னும் தணியவில்லை. "நான் சொன்னா உனுக்கு ஈஸியா பூடும். காலத்துக்கும் என்னியே திட்டிக்கினு கெடப்ப. உன் வாயால நீயே சொல்லு. நான் சொல்லல? அதேமாரி."

சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

அம்புரோஸ் டீ டம்ளரோடு வந்தான். "இன்னாண்ணா, கொரலு கேட்டுச்சி. தாமசு எதுக்கு வந்தான்?"

"ஒண்ணியும் இல்ல" என்ற ஆசீர்வாதம், முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜஸீமாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, மலைக்காரனுக்குப் போனு போடு. செட்டம்பருக்கு நாலு பேரும் வர்றோம், நாலு பேரும் கல்லு மேரி கீறோம்னு சொல்லு."

ஜஸீமா ரிசீவரை எடுக்கவில்லை.

அவள் குரல் வீட்டிலேயே அடுத்த அறைக்குக் கேட்காது. அன்று அது சாலைக்குக் கேட்டது.

"மாட்டேன், அண்ணே. பொய் சொல்லணும்னா நீங்க சொல்லிக்குங்க. என் வாயால சொல்லமாட்டேன். ஒரு தடவ சொன்னேன், இன்னும் சோறு இறங்கல. நீங்க பனியில விழுந்து கிடந்தா அந்த மலைக்காரரு யாரை நினைப்பாரு? 'இல்லை'ன்னு சொன்ன பொண்ணைத்தான் நினைப்பாரு. சிமினியில நீங்க விழுந்தா கீழ கயிறு பிடிக்கிறவரு தலையிலதான் விழுவீங்க. அது உங்களுக்கு வீரமா இருக்கலாம். எனக்கு அசிங்கமா இருக்கு."

"இன்னா பொய்யி?" என்றான் அம்புரோஸ், ஒன்றும் புரியாமல்.

ஆசீர்வாதத்தின் தாடை இறுகியது. "வாடா. ஊர்ல வேற பூத்து இல்லியா?" என்று எழுந்து போனார். பூட்ஸில் ஒன்று படியிலேயே கிடந்தது.

சித்தப்பா வந்ததும் விசாரித்தார். வாடிக்கையாளரிடம் கத்தினாயாமே என்றார். ஆமாம் என்றாள்.  அந்த பூட்ஸைக் கல்லாவுக்கு அடியில் வைத்தாள். கால் பட்டபோதெல்லாம் அதை எட்டி உதைக்கவேண்டும் போலிருந்தது.

அவர்கள் போகத்தான் செய்தார்கள். செப்டம்பரில் சென்ட்ரலில் கிராண்ட் டிரங்க் ரயிலில் ஏறினார்கள். நாலு பேர் அல்ல, ஐந்து பேர்; தாமஸும் இருந்தார், ஆசீர்வாதம் தடுக்கவில்லை. திரும்பி வந்தபோது சிகரம் தொட்டவர்கள் நாலு பேர். அம்புரோஸ் போட்டோவைக் கிருஷ்ணப்பன் கடைச் சுவரில் ஒட்டினான். பனிக்கு நடுவே தாமஸ் கப்பல்காரர் ஜாக்கெட்டில் கறுத்த முகத்தோடு, சிரிக்காமல் நிற்கிறார். ஆசீர்வாதம் அதில் இல்லை.

"இன்னா மாமு, பாதியிலயே ஜகா வாங்கிட்டியாமே?" என்று கிருஷ்ணப்பன் கேட்டார்.

"ஆமா வாங்கினேன். தலை சுத்துச்சி, எறங்கினேன். உனுக்கின்னா நோவுது? டீயப் போடு" என்றார் ஆசீர்வாதம். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் முறைத்தார்.

அதற்குப்பின் அவர் சிமினியில் ஏறவில்லை. அடியில் நின்று கயிறு பிடித்தார். காலையில் ஏறப்போகிறவர்களை "ரெடியா?" என்று கேட்பதையும் விட்டுவிட்டார். "தலை எப்டி கீது? டபாய்க்காம சொல்லு, பேமானி" என்று கேட்பார். ஒருவன் சரியில்லை என்று சொன்னால் அவனை அன்று ஒருநாள் மட்டும் கீழே வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை திட்டிக்கொண்டே இருப்பார். மறுநாள் அவன் பெல்ட்டை அவரே எடுத்துக் கொடுப்பார். கொட்டகை ஆணியில் இப்போது சட்டைதான் தொங்குகிறது என்று அம்புரோஸ் சொன்னான்.

மலையில் இரண்டாவது முகாமில் என்ன நடந்தது என்பதை பல்தேவ் பிறகு ஒருமுறை போனில் ஜஸீமாவிடம் சொன்னார். சாயங்காலம் கேட்கப்போன தன்னை அந்தப் பெரியவர் அடிக்க வருவதுபோலப் பார்த்தார், பிறகு இந்தியில் மூன்றே மூன்று வார்த்தை சொன்னார், உச்சரிப்பு சுத்தமாக இருந்தது என்றவர், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். ஜஸீமா சிரித்துவிட்டுப் போனை வைத்தாள்.

ரயில் ஏறுவதற்கு முந்தைய வாரம் ஆசீர்வாதம் பூத்துக்கு வந்திருந்தார். வெயில் உச்சியில் இருந்தது; சாலையில் லாரிகள்கூட இல்லை. உள்ளே வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தன் கோபம் தீரவில்லை என்பதால் அவளும் வாங்க என்று சொல்லவில்லை. கல்லாவுக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதை எடுத்துக்கொள்ளாமல் தரையைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, சாயங்காலம் சாயங்காலம் அவன் வந்து கேப்பான். நீ அங்க இருக்கமாட்ட. தாமசு சொல்லமாட்டேன்னுட்டான். நம்ம பாஷையில அத்த சொல்ல எனுக்கு வாய் வர்ல, செத்தாலும் வராது. அவன் பாஷையில அத்த எப்டி சொல்றது? அது ஒண்ண மட்டும் சொல்லிக் குடும்மா."